அண்டை வீடும் அரசாணையும்: சிங்கப்பூரில் இன நல்லிணக்கம் வளர்ந்த வரலாறு

பல இனத்தார் ஒரே மண்ணில் வாழ நேர்ந்த தேசங்களில், ஒருவர்மேல் ஒருவர் கையோங்காதிருக்கும் நிலைக்கும், ஒருவரையொருவர் மனமார மதித்து வாழும் நிலைக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னதைச் சட்டத்தாலும் அரசின் கண்காணிப்பாலும் ஒருவாறு சாதித்துவிடலாம். பின்னதையோ அண்டை வீட்டாரும் உடன் உழைப்போரும் தம் அன்றாட நடத்தையால் மட்டுமே சாதிக்க இயலும். இவ்வுண்மைக்குச் சிங்கப்பூரின் இருநூறாண்டுச் சரித்திரம் சிறந்த சான்றாகும். கலகத்தைத் தடுப்பதையே நல்லிணக்கமாகக் கொண்ட காலம் தொடங்கி, அன்றாட வாழ்வில் மறைந்து கிடக்கும் இனத்துவேஷத்தை வெளிப்படையாகப் பேசத் துணிந்த காலம் வரை அத்தீவின் சமுதாயம் கடந்து வந்த படிகளை முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கோடு கிழித்து வகுத்த நகரம்

1819-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அங்கே வாணிகத் தளம் ஒன்றை நிறுவியபின், பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 1822-இல் அவர் நியமித்த நகரமைப்புக் குழுவின் கருத்துகளுக்கிணங்க லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த திட்டம், சீனருக்கு ஆற்றின் தென்மேற்குப் புறத்தையும், மலாய், பூகிஸ், அரபு மக்களுக்குக் கம்போங் கிளாம் பகுதியையும், தென்னிந்தியரான சூலியர்க்கு ஆற்றின் மேற்பகுதியையும், ஐரோப்பியருக்குக் கடற்கரையை ஒட்டிய விசாலமான நிலத்தையும் ஒதுக்கியது. இனத்துக்கு ஓர் எல்லை வகுத்துவிட்டால் நிர்வாகம் எளிதாகும் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

ஆனால் மக்கள் வாழ்க்கை வரைபடத்துக்கு முழுதும் கட்டுப்படவில்லை. சீனர் பகுதியாகிய சௌத் பிரிட்ஜ் சாலையிலேயே நாராயண பிள்ளை முதலிய தமிழர்கள் 1827-இல் மாரியம்மன் கோயிலை எழுப்பினர். அதற்குச் சில அடி தூரத்தில் சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல் எழுந்தது. தெலுக் ஆயர் வீதியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்காவும், கடலன்னைக்கு ஹொக்கியன் சீனர் எடுத்த தியான் ஹோக் கெங் ஆலயமும் இன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அரசு பிரித்து வைத்த இடத்தில் மக்கள் அண்டை அயலாராய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு இவற்றினும் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை.

எனினும் இந்த அண்மையை ஐக்கியமென்று கொள்வது பிழையாகும். பர்மாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஆராய்ந்த ஜே. எஸ். ஃபர்னிவால், குடியேற்ற ஆட்சியின்கீழ் இனங்கள் சந்தையில் கூடி, கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் தத்தம் வட்டத்துக்குள் திரும்பிவிடும் சமுதாய அமைப்பை விவரித்தார். அவர் விவரித்த இலக்கணம் சிங்கப்பூருக்கும் பெரும்பாலும் பொருந்திற்று. மொழியாலும் தொழிலாலும் பள்ளியாலும் மக்கள் பிரிந்தே வாழ்ந்தனர். ஒரு வகுப்பாரைப் பற்றி மற்றொரு வகுப்பார் கொண்டிருந்த அபிப்பிராயங்கள், நேரில் பழகிச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பின்றியே தலைமுறை தலைமுறையாக நிலைத்தன.

இரத்தம் சிந்திய ஆண்டுகள்

இப்பிரிவினையின் ஆபத்து 1950 டிசம்பரில் வெளிப்பட்டது. மலாய் முஸ்லிம் தாயொருத்தியிடம் வளர்ந்த மரியா ஹெர்டோக் என்னும் டச்சுச் சிறுமியை, அவளைப் பெற்ற கத்தோலிக்கப் பெற்றோரிடம் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையொட்டி எழுந்த கலகத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே பல சமயத் தலைவர்கள் கூடிச் சமயங்களுக்கிடையிலான அமைப்பொன்றை நிறுவியிருந்தார்கள். ஆயினும் தலைவர்களின் சௌஜன்யம் மட்டும் தெருவின் சினத்தைத் தடுக்கப் போதுமானதாக இல்லை.

1963-இல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தபின், அரசியல் கட்சிகளின் பகையும் இனத்தின் பெயரால் நடந்த பிரசாரமும் நிலைமையை மேலும் மோசமாக்கின. 1964 ஜூலை 21-ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் கேலாங்கை நோக்கிச் செல்லுகையில் மூண்ட மோதல் மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையிலான பெருங்கலகமாகப் பரவி, 23 உயிர்களைப் பலிகொண்டது. 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்ட கலகத்தில் 13 பேர் மாண்டனர்.

அக்காலத்தில் தொகுதிதோறும் அமைக்கப்பட்ட நல்லெண்ணக் குழுக்களை ஆய்வாளர் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அந்தந்த வட்டாரத்தில் மதிப்புப் பெற்ற பல இனத்துப் பெரியோர்களே அவற்றின் அங்கத்தினர்கள். போலீஸ்காரரும் ஊரடங்கும் தெருவை அமைதியாக்கினும், பக்கத்து வீட்டாரை நம்பலாமா என்னும் ஐயத்தைத் தீர்க்க அதே தெருவில் வாழும் மனிதரின் சொல்லே வேண்டியிருந்தது. நல்லிணக்கம் அண்டை அயலாரின் பொறுப்பு என்னும் எண்ணம் பொதுவாழ்வில் ஒரு ஸ்தாபன வடிவம் பெற்றது இக்குழுக்களில்தான்.

1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் தனி நாடான சிங்கப்பூர், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாகக் கொண்டது. இனம், மொழி, சமயம் என்னும் பேதமின்றி ஒரே மக்களாக வாழ உறுதிகூறும் தேசிய உறுதிமொழியை 1966-இல் வரைந்தவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். இனக்கலகத்தின் நினைவு ஆறுமுன் எழுதப்பட்ட அவ்வாசகம், அடைந்துவிட்ட நிலையின் வருணனையன்று. அடைய வேண்டிய நிலையின் பிரதிக்ஞை.

வீடுகளின் விகிதம்

பிரதிக்ஞையைப் பௌதிக வடிவமாக்கும் பணி, 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பாயிற்று. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தது முதலாக, கம்போங் என்னும் சிற்றூர்களில் இனவாரியாக வாழ்ந்த மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் மக்களில் நூற்றுக்கு எண்பதின்மர் அவ்வீடுகளில் வாழும் நிலை வந்தது. மலாய்க் குடும்பத்தின் திருமணமும் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கும் ஒரே கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் மாறி மாறி நடைபெற, ஒருவர் ஓசையையும் மற்றவர் ஊதுவத்திப் புகையையும் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே உருவாயிற்று.

ஆயினும் மறுவிற்பனைச் சந்தை வளர வளர மக்கள் மீண்டும் தம் இனத்தார் அருகே குடியேறத் தொடங்கினர். மலாய்க்காரர் பிடோக், தெம்பனிஸ் பகுதிகளிலும், சீனர் ஹவ்காங் பகுதியிலும், இந்தியர் யீஷூனிலும் திரண்டு வருவதாக 1989-இல் அரசு கண்டது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராயிருந்தவர் எஸ். தனபாலன். அவ்வாண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, சீனர்க்கு வட்டாரத்தில் 84, கட்டடத்தில் 87 விழுக்காடு என்றும், மலாய்க்காரர்க்கு 22, 25 என்றும், இந்தியர்க்கும் ஏனையோர்க்கும் 10, 13 என்றும் உச்சவரம்பு விதித்தது. இந்தியர்க்கான வரம்பு 2010-இல் 12, 15 என உயர்ந்தது.

இக்கொள்கையின் பயன் மறுக்கற்பாலதன்று. ஓரினச் சேரிகள் தோன்றாமல் அது காத்தது. அதன் பாரம் எல்லார்மீதும் சமமாக விழவில்லை என்பதும் உண்மையே. சீனர் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மையினர் ஒருவர் தம் வீட்டைப் பெரும்பான்மை இனத்தார்க்கு விற்க இயலாமையால், வாங்குவோர் குறைந்து, விலையும் குறையக்கூடும். 2022-இல், இவ்வாறு விற்க வழியின்றித் தவிப்போரின் வீடுகளைக் கழகமே வாங்கிக்கொள்ள வகை செய்யப்பட்டது. பொதுநன்மைக்கான விதியின் சுமையைச் சிறுபான்மையினர் மிகுதியாகச் சுமந்தார்கள் என்பதை அரசே ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

குழம்பின் மணமும் அமைதியின் விலையும்

கட்டடத்துக்குள் விகிதம் அமைந்தபின், மனிதர்க்குள் என்ன நிகழ்ந்தது? 2011 ஆகஸ்டில் பத்திரிகையில் வெளியான ஒரு செய்தி இதற்கு விளக்கமாயிற்று. சில ஆண்டுகளுக்குமுன், சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், அண்டை வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் குழம்பின் மணத்தைத் தாங்க இயலவில்லையென முறையிட்டது. சமூக மத்தியஸ்த நிலையத்தில் பேசியபின், அயலார் வீட்டில் இல்லாத வேளையில் மட்டுமே குழம்பு வைப்பதென இந்தியக் குடும்பம் இசைந்தது. தகராறு தீர்ந்தது, ஆனால் தன் வீட்டு அடுப்பில் தன் உணவைச் சமைக்க ஒரு குடும்பம் அயலாரின் நேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

இச்செய்தி கண்ட மக்கள், சீனரும் மலாய்க்காரரும் யூரேசியரும் உட்பட, ஆகஸ்ட் 21-ஆம் நாளைக் குழம்பு சமைக்கும் நாளாக அறிவித்து ஆயிரக்கணக்கில் பங்கேற்றனர். புதிய குடியேறிகள்மீதான கசப்பும் அவ்வெழுச்சியில் கலந்திருந்தது என்பதை ஆய்வாளர் மறைத்தலாகாது. ஆயினும் சண்டையற்ற நிலை வேறு, நியாயமான நிலை வேறு என்னும் பேதம் பொதுமக்கள் மனத்தில் அன்று துலங்கிற்று என்பதே நம் ஆராய்ச்சிக்கு முக்கியம்.

வாடகை வீட்டு விளம்பரங்களில் இந்தியர்க்கு இடமில்லை என எழுதும் வழக்கமும் இக்காலத்தில் பகிரங்கமாகவே இருந்தது. அத்துடன், 2008-இல் செரங்கூன் கார்டன்ஸ் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு விடுதி அமைக்க முயன்றபோது குடியிருப்பாளர் பலர் மனுக்கொடுத்து எதிர்த்தனர். விடுதி அமைந்தது, ஆனால் தொழிலாளர் அவ்வீதிகள் வழியே செல்லாதிருக்கத் தனிச்சாலை போடப்பட்டது. தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சென்று அந்நகரைக் கட்டியெழுப்பும் இவர்கள் எந்த வீட்டு விகிதத்திலும் சேராதவர்கள். இவர்களை ஒதுக்கும் உள்ளம் எல்லா இனத்திலும் உண்டு. இந்திய வம்சாவளிப் பிரஜைகளும் அதற்கு விலக்கல்லர் என்பதை நாம் வருத்தத்தோடு கூறியாக வேண்டும்.

மௌனத்திலிருந்து பேச்சுக்கு

1964-இன் நினைவு நெடுங்காலம் இருமுனையாகச் செயற்பட்டது. 1997 முதல் ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கப்பட்டு, இளையோர்க்கு அக்கலகத்தின் பாடத்தைப் புகட்டியது. அதே நினைவு, இனத்தைப் பற்றிப் பேசுவதே தீயை மூட்டுவதாகும் என்னும் அச்சத்தையும் வளர்த்தது. பள்ளியிலோ பணியிடத்திலோ நிறத்தைக் குறித்து ஏளனம் கேட்டவர், ஊரின் அமைதியைக் குலைப்பானேன் என்று வாய்மூடி இருந்தார். இம்மௌனத்தைப் பலர் நல்லிணக்கமென்றே எண்ணினர்.

2019-இல் மின்வழிக் கட்டண விளம்பரமொன்றில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கி இந்தியராகத் தோன்றியபோது அம்மௌனம் கலைந்தது. விளம்பரம் நீக்கப்பட்டது, அதைக் கடுஞ்சொற்களால் கண்டித்துக் காணொளி வெளியிட்ட இருவரும் போலீசாரின் எச்சரிக்கைக்கு உள்ளாயினர். அவமதித்ததும் அவமதிப்பை எதிர்த்ததும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவைதாமா என்னும் விவாதம் நாடெங்கும் எழுந்தது. 2021 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியென் லூங், பெரும்பான்மையினராக வாழ்வதினும் சிறுபான்மையினராக வாழ்வது கடினமென வெளிப்படையாகக் கூறினார். அவர் அறிவித்த இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும், பணியமர்த்தலில் இனபேதம் காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும் 2025 தொடக்கத்தில் நிறைவேறின. முன்னதில், இனத்தைப் புண்படுத்தியவர் தண்டனைக்கு மாற்றாக அவ்வினத்தாரை அறிந்து உறவைச் சீர்செய்ய உதவும் வழியும் வகுக்கப்பட்டிருப்பது, 1964-இன் நல்லெண்ணக் குழுக்களை ஈன்ற அதே எண்ணத்தின் தொடர்ச்சியாகும். இதற்கிடையே 2023-இல் யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம், எல்லா இனத்தார்க்கும் திறந்திருந்த அதிபர் தேர்தலில் 70.4 விழுக்காடு வாக்குப் பெற்று வென்றார். அது மகத்தான மாற்றமே. எனினும் அதிபராகத் தமிழரை ஏற்கும் நாட்டில் குடித்தனக்காரராகத் தமிழரை ஏற்கத் தயங்கும் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கும்வரை பணி முற்றுப்பெற்றதாகாது.

இச்சரித்திரம் முழுவதையும் ஒருசேர நோக்குங்கால் ஒரு முடிவு தெளிவாகிறது. அரசாணை மக்களைப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியமர்த்தியது, கலகத்தை அடக்கியது, அவையின்றேல் பின்வந்த எதுவும் நிகழ்ந்திராது. ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவர் தம் மனக்குறையை அச்சமின்றிச் சொல்லவும், மிகுந்தவர் அதைத் தம்மீதான தாக்குதலாகக் கொள்ளாமல் செவிமடுக்கவும் கற்ற அளவுக்கே அந்த அமைதி நல்லிணக்கமாக முதிர்ந்தது. ஆகவே இனத்துவேஷத்தைச் சுட்டிக்காட்டுபவரை அமைதி குலைப்பவராகக் கருதும் வழக்கத்தை ஒவ்வொரு குடியிருப்பும் பள்ளியும் பணியிடமும் கைவிடுதல் வேண்டும். அவர் முறையிடுவது, தம் அயலார் நியாயம் செய்வார் என்னும் நம்பிக்கையை இன்னும் இழக்காமையாலேயே.