தாத்தாவின் சொம்பு

திட்டக்குடியில் எங்கள் தாத்தா எங்கே கிளம்பினாலும் கையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். பேச்சை நடுவில் நிறுத்தி ஒரு மடக்கு குடிப்பார். சோற்றை மோரில் கரைத்துத்தான் சாப்பிடுவார். முறுக்கும் பொரியும் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும். "நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குதுடா தம்பி" என்பார். வெற்றிலையோடு புகையிலை போட்டவர். கன்னத்தில் புற்றுநோய் வந்து 1998இல் 'கரண்ட் வச்சாங்க'. நோய் போய்விட்டது. எச்சில் திரும்பவில்லை.

அந்தக் 'கரண்ட்' கோபால்ட்-60இன் காமா கதிர். 1951இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அங்கே கோபால்ட் கருவி வந்துவிட்டது. நம்மூரில் வாய்ப்புற்றோடு வருபவர்கள் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வருவார்கள். ஆள் பிழைப்பாரா என்பதே அன்றைய ஒரே கேள்வி. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தாத்தா அதற்குப் பிறகு 11 வருஷம் இருந்தார்.

ஆனால் கன்னத்துக்குப் போகும் கதிரின் வழியில்தான், காதுக்கு முன்னால், பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. நாளைக்கு ஒரு லிட்டர் வரை ஊறும் வாய், சில வார சிகிச்சையில் வறண்டுவிடும். எங்கள் தொழிலிலும் 'சைடு எஃபெக்ட்' உண்டு: ஒரு ஃபங்ஷன் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டு, வெளியே எதையோ மாற்றிவிட்டுப் போகும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். எச்சிலுக்கு யாரும் டெஸ்ட் எழுதியிருக்கவில்லை.

எச்சிலைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1994இல் அனுமதி கிடைத்தது. தாத்தாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சுரப்பியை ஒதுக்கிக் கதிரை வளைத்துக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி முறையைப் பிரிட்டனில் சோதித்தபோது, ஓராண்டுக்குப் பின் மிதமான அல்லது அதைவிட மோசமான வறட்சி 74 சதவீதத்திலிருந்து 38 ஆகக் குறைந்தது. அந்த முடிவு வெளிவந்தது 2011இல். தாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆக்சிஜன் சிகிச்சையைப் பற்றி நான் படித்தது அதற்கும் பிறகுதான். அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஒன்றரை மணி நேரம் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். இப்படி முப்பது, நாற்பது நாள். கதிர் பட்ட சதையில் ரத்தக் குழாய்கள் அருகிப்போகும், ஆக்சிஜன் புதிதாக முளைக்கவைக்கும் என்பது கணக்கு. 1980களில் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தாடை எலும்புக்காக இதைப் பரப்பினார். 2019இல் பிரிட்டனில் வந்த ஹோபான் ஆய்வோ, கதிர் பட்ட தாடையில் அறுவை செய்யும்போது எலும்பு சாவதை இது தடுக்கவில்லை என்றது. வாய் வறட்சியில் சிலருக்குக் கொஞ்சம் தேவலை என்கிறார்கள், ஆதாரம் மெலிசு. செத்த சுரப்பி செல்லை ஆக்சிஜன் எழுப்பாது. நாற்பது நாள் தாத்தாவைப் பெருநகரத்தில் எங்கே தங்கவைத்திருப்போம் என்று யோசித்தேன். விடை இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது ஒரு படிவம். தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்காக 1990களில் ஐரோப்பாவில் தயாரித்த கேள்வித்தாள் அது. வாய் வறண்டதா, எச்சில் பிசுபிசுத்ததா என்று இரண்டு கேள்விகள் அதில் இருக்கின்றன. தாத்தாவிடம் அதை எந்த டாக்டரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சொம்பு காலியானால் எழுந்துபோய் நிரப்பிக்கொண்டு வருவோம், அவ்வளவுதான்.