டிக்டாக்கோட வீடியோவும் போச்சா? இனி உங்க க்ளிப்பை எங்கே வைக்கலாம்?

2020 ஜூன் மாசம் ஞாபகம் இருக்கா? 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தாங்க. பல வருஷம் கழிச்சு குறிச்ச தேதியில தண்ணி வருதுன்னு தஞ்சாவூர் பக்கம் குறுவைக்கு உழவு ஜோரா ஆரம்பிச்சுது. அதே மாசம் 29-ம் தேதி டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு. வயல் வரப்பு, பெரிய கோயில் வாசல், கல்லணைன்னு ஆசையா எடுத்துப் போட்ட க்ளிப்புகளை அதுக்கப்புறம் போட்டவங்களாலயே திறந்து பார்க்க முடியலை.

இத்தனைக்கும் முதல் எச்சரிக்கை 2019 ஏப்ரல்லயே வந்துச்சு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையோட இடைக்காலத் தடையால ஆப் ஸ்டோர்கள்ல இருந்து டிக்டாக் காணாமப்போய், அந்த மாசக் கடைசியில தடை நீங்கித் திரும்பி வந்துச்சு. 'அதான் வந்துடுச்சே'ன்னு நாமளும் மறந்துட்டோம்.

பிரச்னை எங்கேன்னா, எல்லாம் ஒரே அணை. மேட்டூர்ல ஷட்டரை இறக்கினா கடைமடை வரைக்கும் காயும். இதுக்கு மாற்றாதான் பரவலாக்கப்பட்ட சமூக வலைதளங்கள் வந்துச்சு. ஊருக்கு ஒரு குளம், குளத்துக்குக் குளம் வாய்க்கால். (குளத்துக்கும் ஆத்துத் தண்ணிதானே வரணும்னு டெல்டா மக்கள் சண்டைக்கு வராதீங்க, ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன்!)

இங்கே குளம்ங்கிறது சர்வர். தனி ஆளோ, ஒரு குழுவோ அதை நடத்துவாங்க. வாய்க்கால்ங்கிறது 'ஆக்டிவிட்டிபப்'ங்கிற பொது நெறிமுறை. 2018 ஜனவரியில இதை டபிள்யூ3சி அங்கீகரிச்சுது. அதனால ஒரு சர்வர்ல நீங்க போடுற க்ளிப்பை வேற சர்வர்ல இருக்கிற உங்க ஃப்ரெண்டு அங்கிருந்தே பார்க்கலாம், லைக் போடலாம்.

2016-ல ஜெர்மனியில தொடங்கின மாஸ்டடான்தான் இதுல பிரபலம். 2019 நவம்பர்ல ட்விட்டர் மேல கோபப்பட்டு இந்தியாவுல நிறைய பேர் இங்கே குடிவந்தாங்க. பாதிப்பேர் திரும்பிப் போனது வேற கதை. வீடியோவும் போடலாம், ஆனா இது முக்கியமா எழுத்துக்கான இடம். ரீல்ஸ் மாதிரி ஸ்வைப் பண்ணிப் பார்க்கணும்னா 'லூப்ஸ்' இருக்கு. இன்ஸ்டாகிராமுக்கு மாற்றா 'பிக்ஸல்ஃபெட்' செஞ்ச டேனியல் சூப்பர்நால்ட்டோட படைப்புதான் இதுவும். புளூஸ்கை வேற நெறிமுறையில ஓடுது. அங்கே 2024 செப்டம்பர்ல 60 விநாடி வீடியோ வந்துச்சு, 2025-ல அது 3 நிமிஷமாச்சு. ஆனா பெரும்பாலானவங்க கணக்கு இன்னமும் ஒரே கம்பெனி சர்வர்ல இருக்கிறதால, இதைப் பாதிப் பரவலாக்கம்னுதான் நான் சொல்லுவேன்.

எனக்குப் பிடிச்சது, பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கின 'பியர்டியூப்'. ஒரு வீடியோவை ஒரே நேரத்துல நிறைய பேர் பார்த்தா, பார்க்கிறவங்களோட கருவிகளே ஒண்ணுக்கொண்ணு துண்டு துண்டாப் பகிர்ந்துக்கும். சர்வருக்குச் சுமை குறையும். மொபைல் டேட்டாவுல பார்க்கிறவங்க மட்டும் செட்டிங்ஸ்ல அதை ஆஃப் பண்ணிக்கோங்க.

சர்வருக்கு வாடகை கட்டுறது பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட கைக்காசு, இல்லைன்னா நன்கொடை. அதனாலதான் ஃபைல் அளவுக்கு வரம்பு வைக்கிறாங்க. மாஸ்டடான்ல அது பொதுவா 99 எம்.பி. போன்ல 4கே-வுல எடுத்த ஒரு நிமிஷ வீடியோ இதைச் சுலபமாத் தாண்டிடும். 720பி-க்குக் குறைச்சு எம்.பி.4-ஆப் போடுங்க. கண் தெரியாதவங்களுக்காக வீடியோவுல என்ன நடக்குதுன்னு ரெண்டு வரி எழுதிடுங்க, அதுக்குன்னே தனிக் கட்டம் இருக்கு.

லட்சம் வியூஸை மட்டும் எதிர்பார்க்காதீங்க. மாஸ்டடான்ல உங்க க்ளிப்பைத் தூக்கிவிட அல்காரிதம் கிடையாது, ஹேஷ்டேக்தான் துணை. #தஞ்சாவூர்னு தமிழ்லயே போடலாம்.

சர்வரை மூடிட்டா? மாஸ்டடான்ல இன்னொரு சர்வருக்கு மாறினா ஃபாலோயர்ஸைக் கூட்டிட்டுப் போகலாம், பழைய போஸ்டுகள் கூட வராது. அதனால ஒரிஜினல் ஃபைலை விதைநெல் மாதிரி ஹார்டு டிஸ்க்ல எடுத்து வைங்க. அதுல கைவைக்கவே கூடாது.

இன்னொண்ணு. இங்கே நீங்க ஒரு வீடியோவை அழிச்சா, மத்த சர்வர்களுக்கு 'அழிச்சிடுங்க'ன்னு ஒரு கோரிக்கைதான் போகும். எல்லாரும் கேட்பாங்கன்னு உத்தரவாதம் இல்லை. அதனால நடவு நடுற அக்காக்களைப் படம் பிடிச்சா, போடுறதுக்கு முன்னாடி அந்த க்ளிப்பை அவங்ககிட்ட ஒரு தடவை காட்டிக் கேட்டுடுங்க.