கொச்சியில் எழுத்தும் கருவியும்

கைப்பேசியின் இயங்குதளம் ஓரிரவில் புதுப்பிக்கப்பெறுகிறது. காலையில் எடுத்துப் பார்த்தால், நேற்றுவரை பணிசெய்த செயலி திறக்க மறுக்கிறது. அல்லது திறந்தும், எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்களைக் காட்டுகிறது. செயலியை ஆக்கியோர் அதனைச் செப்பஞ்செய்து அனுப்பும்வரை நாம் காத்திருக்கிறோம். பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இக்காத்திருப்புச் சற்று மிகுதி. ஊருக்கு விடுக்கும் செய்தி தமிழில் செல்கிறது. வாழும் இடத்துக் காரியமோ அம்மாநில மொழியில் நடைபெறுகிறது. இரண்டில் எந்த எழுத்துப் பின்தங்கினாலும் இடர்ப்படுவோர் நாமே.

இஃது இக்காலத்தில் தோன்றிய புதுத்துன்பம் அன்று. மட்டாஞ்சேரியின் கடைவீதியில் மலையாளமும் தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் இன்றும் நம் செவியில் விழுகின்றன. அதனை அடுத்துள்ள ஃபோர்ட்டுக் கொச்சியில் துணி வெளுக்கும் தொழிலை வழிவழியாகச் செய்துவரும் குடும்பங்கள் தமிழ் மரபினவே. பல மொழிகள் கலந்து வாழும் இத்துறைமுகத்தில், எழுத்து ஒருபுறமும் அதனைத் தாங்கும் கருவி மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற வரலாறு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

தமிழ்நாட்டில் அச்சுக்கூடம் தோன்றுமுன்னரே கொச்சியில் தமிழ் அச்சேறியது என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? அண்டிரிக்கி அடிகள் என நம்மவர் அழைத்த போர்த்துக்கீசியர் என்றிக்கே என்றீக்கசு ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் பெரிய நூல் கொச்சியில் வெளிவந்தது. அவ்வச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. அக்காலத்து ஓலைச்சுவடியின் வழக்கத்தையே அச்சும் மேற்கொண்டது. கொல்லத்து நூலின் இறுதிப் பக்கம் நம் கருத்தை ஈர்ப்பது. 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளும், 1578இல் கொல்லத்தில் புதிதாக வார்த்த எழுத்துகளும் அங்கே ஒருங்கே காட்டப்பட்டுள்ளன. பழையதையும் புதியதையும் படிப்பவர் கண்முன் ஒருசேர வைத்த அந்த நேர்மை இன்றைய மென்பொருள் நிறுவனங்களிடம் அரிதாகவே காணப்படுகிறது.

மலையாளத்திற்கு அந்தப் பேறு உடனே கிட்டவில்லை. கொச்சியை ஆண்ட ஒல்லாந்த ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் மருத்துவரும் கொங்கணி வைத்தியர் மூவரும் துணைநிற்க, மலையாள நாட்டு மூலிகைகளைத் தொகுத்தார். ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. செடிகளின் பெயரை மலையாள எழுத்திலும் காட்ட விரும்பினர். ஆனால் மலையாள அச்செழுத்து அன்று இல்லை. எனவே பெயரையும் படத்தோடு படமாகச் செப்புத்தகட்டில் செதுக்கினர். எழுத்துருக் கிட்டாதபோது சொற்களைப் படமாக்கி அனுப்பும் நம் காலத்தார் செய்வதும் இதுவேயன்றோ? மலையாள அச்செழுத்தில் முழுநூல் ஒன்று, ‘சங்க்ஷேப வேதார்த்தம்’, உரோமில் வெளிவர 1772ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பின்னாளில் நிலை தலைகீழாயிற்று. தட்டச்சுக் கருவிக்கு ஏற்ப எழுத்தையே மாற்றத் தொடங்கினர். கேரள அரசு 1971இலும், தமிழக அரசு 1978இலும் எழுத்துச் சீர்திருத்தம் செய்தன. நம் ‘லை’, ‘னை’ முதலியன இன்றைய வடிவம் பெற்றது அப்போதுதான்.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் ஆகிய மெய்கள் உயிரின்றி நிற்கும்போது ‘சில்லு’ எனப்படும் தனி வடிவம் பெறுவதுண்டு. ஒருங்குறி என்னும் உலகக் குறியீட்டில், தொடக்கத்தில் சில்லுக்கெனத் தனியெண் இல்லை. மெய்யெழுத்து, உயிர்நீக்கும் குறி, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டே அதனை ஆக்கினர். கேரளத்துக் கணினி ஆர்வலரிடையே கடும் வாதம் நிகழ்ந்தபின், 2008 ஏப்ரலில் வெளிவந்த ஒருங்குறி 5.1ஆம் பதிப்பு, சில்லுகளுக்குத் தனித்தனி எண் வழங்கியது. ஏட்டில் விதி மாறிற்று. மக்கள் கையிலிருந்த கருவிகளோ மாறவில்லை. புதிய எழுத்துருவைப் பெறாத கருவி கட்டத்தைக் காட்டிற்று. புலப்படாக் குறியைக் களைந்துவிடும் செயலியில் பழைய சில்லு உருமாறிற்று. எல்லாம் சரியாகத் தோன்றிய இடத்திலும் ஓர் ஒளிந்த பிழை நின்றது. கண்ணுக்கு ஒன்றேயான சொல், பொறிக்கு இரண்டு வேறு சொற்களாயிற்று.

இதில் நம்மவர்க்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். முருகன், பாண்டியன், குமார், சக்திவேல், தங்கம்மாள் என நம் பெயர்களில் எத்தனை மெய்யில் முடிகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றை மலையாளத்தில் எழுதினால் இறுதியில் நிற்பது சில்லே. பழைய முறையில் ஒருவர் பதிந்த பெயரைப் புதிய முறையில் மற்றொருவர் தேடினால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கற்பிக்கப்படாத செயலி, “அப்படியொரு பெயர் இல்லை” என்று கூறிவிடும். கூலிப் பட்டியலோ பள்ளிப் பட்டியலோ, முன்னே நிற்பவர் எவ்வாறு மெய்ப்பிப்பார்?

தமிழிலும் இத்தகைய முடிச்சு உண்டு. 2005இல் ஒருங்குறி 4.1ஆம் பதிப்பு ‘ஶ’ என்னும் எழுத்தைச் சேர்த்தது. அதன்பின் ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’ கொண்டும் ‘ஶ’ கொண்டும் ஆக்கலாம் என்றாயிற்று. இருவகையும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவம். ஸ்ரீரங்கத்தாரும் ஸ்ரீவில்லிபுத்தூராரும் தம் ஊர்ப்பெயர் தேடுகையில் அகப்படாது போனால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

மாற்றம் வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆப்பிள் நிறுவனம் 2013இல் 64 பிட்டு அமைப்புடைய கைப்பேசியை விற்கத் தொடங்கி, 2017இல் வந்த பதினோராம் இயங்குதளத்தில்தான் பழைய 32 பிட்டுச் செயலிகளை நிறுத்தியது. நான்காண்டு அவகாசம் பெரிய நிறுவனங்களுக்குப் போதும். ஓய்வுநேரத்தில் ஓர் அகராதியையோ பாடல் தொகுப்பையோ தனியொருவராகச் செயலியாக்கி, பின்னர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டவருக்கு எத்தனை ஆண்டு கொடுத்தாலும் போதாது. சிறு மொழிகளின் செயலிகளுள் பல இவ்வகையின. அவற்றை நம்பியிருப்போரின் காத்திருப்புக்கு முடிவே இல்லை.

சில்லுச் சிக்கலுக்கோ எளிய தீர்வு உண்டு. ‘ஃபோர்ட்டுக் கொச்சி’ என மலையாளத்தில் எழுதினால் நடுவே ரகரச் சில்லு வரும். அதனைப் பழைய முறையில் தட்டினாலும் புதிய முறையில் தட்டினாலும் ஒரே ஊரைக் காட்டும் விதியொன்றைத் தேடுதலில் சேர்ப்பது, செயலி ஆக்குவோர்க்குப் பெரும்பணி அன்று. சிலர் சேர்த்தும் விட்டனர். ஏனையோர் சேர்க்கும்வரை, பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லப்பெறும் அன்பர்கள் உடனே திரும்பிவிட வேண்டா. ஆங்கில எழுத்திலோ, பதிவெண் கொண்டோ மீண்டும் ஒருமுறை தேடச் சொல்லலாம்.