உண்ணியை உண்ணும் பூனை: ஒரு நோயறிவின் நூற்றாண்டு

1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, அவ்வூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. எனவே இப்பகுதியின் ஒட்டுண்ணி ஆய்வு வரலாற்றை எழுதப் புகுவோர், 1899இல் தோன்றிய கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

அந்நிலையத்தில் பணியாற்றிய எஸ். ஆர். கிறிஸ்டோபர்ஸ், நாயின் வெள்ளணுக்களில் வாழும் ஓர் ஒட்டுண்ணி உண்ணியின் உடலில் வளர்ச்சியுறுவதை 1907இல் விளக்கினார். மறு ஆண்டே டபிள்யூ. எஸ். பேட்டன், அதையொத்த உயிரியை இந்திய வீட்டுப் பூனையின் குருதியில் கண்டு, 'லூகோசைட்டோசோவன் ஃபெலிஸ் டொமெஸ்டிசி' எனப் பெயரிட்டார். 1910இல் அவரே சென்னை வேட்டைக் கழகத்து நாய்களிலும் நரியிலும் மற்றொரு குருதி ஒட்டுண்ணியை இனங்கண்டார். அது இன்றும் 'பபேசியா கிப்சோனி' என்ற பெயரில் கால்நடை மருத்துவப் பாடங்களில் நிலைபெற்றுள்ளது. பூனையின் ஒட்டுண்ணிக்கு அத்தகைய கவனம் வாய்க்கவில்லை. இன்று 'ஹெப்பட்டோசோவன் ஃபெலிஸ்' எனப்படும் அது, மரபணுச் சான்றுடன் மீண்டும் விரிவாக வரையறுக்கப்பட்டது 2013இல்தான்.

இந்தத் தாமதத்திற்கான காரணங்களுள் ஒன்றை மொழியே சுட்டுகிறது. 'உண்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது 'உண்ணி'. குருதியை உண்பது என்பது பொருள். கடிப்பதே நோய் பரவும் வழி என்ற எண்ணம் அப்பெயரிலேயே உறைந்துள்ளது. ஆனால் 1908இல் வாஷிங்டனில் டபிள்யூ. டபிள்யூ. மில்லர், எலிகளை ஆராய்ந்து இதற்கு மாறான வழியொன்றைக் காட்டினார். நோய்க்கிருமியைத் தாங்கிய சிற்றுண்ணியை எலி விழுங்குவதாலேயே தொற்று நேர்கிறது. 'ஹெப்பட்டோசோவன்' என்ற பேரினப் பெயரும் அவர் இட்டதே. நாய்க்கும் இந்நோய், உண்ணியை விழுங்குவதாலேயே வருகிறது. அதாவது, இங்கே உண்ணி உண்ணப்படுகிறது.

பூனையிடம் இச்செய்தி தனிப் பொருள் கொள்கிறது. பூனை நாள்தோறும் தன் உடலை நக்கித் தூய்மை செய்யும் விலங்கு. மேலே ஏறும் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பெரும்பாலும் அதுவே நீக்கிவிடும். எனவே மருத்துவரிடம் வரும்போது அதன் உடலில் பூச்சிகள் தென்படாமல் இருக்கலாம். தடயத்தை அழிக்கும் செயலே கிருமி உட்புகும் வாயிலாகவும் அமையக்கூடும். பூனைக்கு இவ்வொட்டுண்ணியைக் கடத்துவது எந்தப் பூச்சி என்பது இன்றும் ஐயமற நிறுவப்படவில்லை.

தெள்ளுப்பூச்சியின் கதையும் இதற்கு அணுக்கமானது. பூனைகளிடையே 'பார்ட்டோனெல்லா ஹென்செலே' பாக்டீரியாவைப் பரப்புவதில் அதன் கழிவுக்கே முதன்மைப் பங்கு. அக்கழிவு நகங்களில் படிவதால், பூனையின் கீறல் வழியே அந்நோய் மனிதரையும் எட்டுகிறது. இங்கும் கடியைவிடக் கழிவே கருதத்தக்கது.

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அவ்வட்டாரத்தில் காய்ச்சலுடனும் வெளிறிய ஈறுகளுடனும் கொண்டுவரப்படும் பூனைக்கு, 'உடலில் உண்ணி இல்லை' என்ற குறிப்பு விடையாகாது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளிக் குருதியைப் பரப்பி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 1908இல் பேட்டன் செய்ததும் அதுவே.