அமெரிக்க கல்லூரிகளில் இனப்பாகுபாடு: சின்ன பட்ஜெட் படங்கள் சொல்லும் கதை என்ன?

ராத்திரி பார்ட்டிக்குக் கிளம்பும் இரண்டு மாணவர்கள் தங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே முன்பின் தெரியாத ஒரு வெள்ளையினப் பெண் மயங்கிக் கிடக்கிறார். கூட தங்கியிருக்கும் நண்பர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடியதால், அவருக்கும் எதுவும் தெரியாது. இப்போ என்ன செய்யணும்? அவசர உதவிக்கு போன் பண்ணணும், அவ்வளவுதானே?

அவ்வளவு சுலபம் இல்லை. ஏனென்றால் வந்த இருவரும் கறுப்பினத்தவர், உள்ளே இருந்தவர் லத்தீன் வம்சாவளி. போலீஸ் வந்தால் நம்மை எப்படிப் பார்க்கும் என்ற பயம்தான் 2022-இல் வெளிவந்த ‘எமர்ஜென்சி’ படத்தின் கதை. கேரி வில்லியம்ஸ் இயக்கிய இந்தப் படம், 2018-இல் அவர் எடுத்த குறும்படத்தில் இருந்து வளர்ந்தது.

சுயாதீனப் படம் என்றால் என்ன?

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே, பெரும்பாலும் குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்களைத்தான் சுயாதீனப் படங்கள் என்கிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் சண்டான்ஸ் திரைப்பட விழாதான் இவற்றுக்கு முக்கிய மேடை. அங்கே பாராட்டு கிடைத்தால் வெளியிடும் நிறுவனங்கள் தேடி வரும். ‘எமர்ஜென்சி’யும் அங்கே திரையிடப்பட்டு, திரைக்கதைக்கான விருது பெற்று, அமேசான் வழியாக ரசிகர்களிடம் வந்தது.

பணத்துக்கு என்ன செய்தார்கள்?

ஜஸ்டின் சிமியன் என்ற இளைஞர், தான் எடுக்க நினைத்த படத்துக்கு ஒரு மாதிரி டிரெய்லர் தயாரித்து, 2012-இல் இணையத்தில் மக்களிடம் நிதி கேட்டார். கேட்டது 25,000 டாலர், கிடைத்தது 40,000 டாலருக்கும் மேல். அந்த டிரெய்லர் வைரலாகி முதலீட்டாளர்களின் கவனத்தையும் இழுத்தது. அப்படி உருவானதுதான் ‘டியர் ஒயிட் பீப்பிள்’. 2014 சண்டான்ஸில் சிமியனுக்கு சிறப்பு ஜூரி விருது கிடைத்தது. 2017-இல் இதே கதை நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது.

அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கு?

வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாகப் படிக்கும் ஒரு கற்பனைப் பல்கலைக்கழகம். அங்கே நான்கு கறுப்பின மாணவர்கள். வளாக வானொலியில் வெள்ளையினத்தவரைக் கிண்டலடிக்கும் சாம், டீனின் மகன் டிராய், எப்படியாவது பிரபலமாகத் துடிக்கும் கோகோ, எந்தக் குழுவிலும் ஒட்ட முடியாத தன்பாலின ஈர்ப்பாளர் லயனல்.

வெளியில் இருந்து பார்த்தால் நால்வரும் ‘கறுப்பின மாணவர்கள்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடங்குவார்கள். உள்ளே ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சிக்கல். போராட்டக்காரியாக எல்லோரும் கொண்டாடும் சாமின் அப்பா வெள்ளையினத்தவர், காதலனும் வெள்ளையினத்தவர். அதை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் அவர் தவிக்கிறார்.

இது வெறும் கற்பனையா?

படத்தின் கடைசியில், முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் ஒரு பார்ட்டி நடக்கிறது. ‘இதெல்லாம் நடக்குமா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இறுதி டைட்டிலில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் உண்மையாக நடந்த இப்படிப்பட்ட பார்ட்டிகளின் படங்கள் அங்கே வரிசையாகக் காட்டப்படுகின்றன.

2010 பிப்ரவரியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக மாணவர்கள் சிலர் வெளியே நடத்திய கேலி பார்ட்டி பெரிய போராட்டத்தில் முடிந்தது. அப்போது அந்த வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு.

தங்களுக்குள்ளேயே பாகுபாடு

இந்தக் கதைகளுக்கு முன்னோடி ஸ்பைக் லீ. சுமார் 1,75,000 டாலரில் எடுத்த முதல் படத்தால் பெயர் வாங்கிய அவர், 1988-இல் ‘ஸ்கூல் டேஸ்’ எடுத்தார். இதற்கு ஸ்டூடியோ பணம் கிடைத்தது, கேள்வி மட்டும் அவருடையதாகவே இருந்தது. கறுப்பினத்தவருக்கான கல்லூரியில், வெளிர் நிற மாணவிகளும் அடர் நிற மாணவிகளும் நிறத்தையும் கூந்தலையும் வைத்து மோதிக்கொள்வதை அவர் காட்டினார். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்த மாதிரி சிலருக்கு உறுத்தியது. லீ படித்த மோர்ஹவுஸ் கல்லூரி வளாகத்தில் இருந்தே படக்குழு பாதியில் வெளியேற நேர்ந்தது.

பதவி வந்தால் மாறிவிடுமா?

மரியாமா டியாலோ இயக்கிய ‘மாஸ்டர்’ (2022) இதைத்தான் கேட்கிறது. பழம்பெரும் கல்லூரி ஒன்றில் மாணவர் விடுதிக்கு ‘மாஸ்டர்’ ஆகும் முதல் கறுப்பினப் பேராசிரியை, புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவி என இருவரின் கதை. அடிமைகளின் முதலாளியைக் குறித்த சொல்லும் அதே ‘மாஸ்டர்’தான். யேல் பல்கலைக்கழகம் விடுதித் தலைவர்களுக்கான இந்தப் பதவிப் பெயரை 2016-இல் மாற்றியது.

ஏன் இந்தப் படங்கள் முக்கியம்?

வில்லனைப் பிடித்துக் கொடுத்ததும் பிரச்சனை தீர்ந்துவிடும் கதைகள் இல்லை இவை. ‘எமர்ஜென்சி’யின் இரண்டு நண்பர்களும் கறுப்பினத்தவர்தான். ஆனால், பிஎச்.டி. படிக்கப் போகும் குன்லே போலீஸைக் கூப்பிடலாம் என்கிறார், ஷான் வேண்டாம் என்கிறார். ஒரே நிறம், ஒரே வீடு, ஆனாலும் அனுபவம் வேறு. அந்த வேறுபாட்டை அழிக்காமல் காட்டத்தான் இந்த இயக்குநர்கள் தனி வழி தேடினார்கள்.