ஒளியும் புகையும்: இலங்கை மின்வலு வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு நாட்டின் மின்சார வரலாற்றை எழுதுவோர் அணைகளையும் நிலையங்களையும் வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் அமைவர். எத்தனை இல்லங்களில் விளக்கு எரிந்தது என்பது அவ்வரலாற்றில் இடம்பெறும். அவ்விளக்கு எரிதற்பொருட்டு எழுந்த புகை எவ்வூரின்மீது படிந்தது என்பது இடம்பெறுவது அரிது. இவ்விரண்டாம் வினாவைக் கல்முனைக் கரையில் நின்று எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்சாரம் வருமுன் நம் கரையோரப் பட்டினங்களின் காற்று மாசற்றிருந்தது என எண்ணுதல் தவறு. மருதமுனைத் தறிகளும் சம்மாந்துறைத் திண்ணைகளும் மாலையானதும் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. யான் எழுத்துக் கூட்டிப் படித்ததும் குப்பிவிளக்கின் ஒளியிலேதான். இரவு படித்தவன் காலையில் முகங் கழுவும்போது மூக்கினின்றும் கரி வரும். அடுப்பங்கரையில் விறகுப் புகையைத் தாய்மார் நாள்தோறும் உட்கொண்டனர். ஆகவே மின்சாரம் இம்மக்களுக்கு ஆடம்பரமன்று. வீட்டினுள்ளே தூய காற்றைப் பெறுதற்கு அதுவே முதற்படி. பெருகிவரும் மின்தேவையைப் பேராசை எனப் பழிப்போர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

இலங்கை தன் மின்வலுவைப் புகையின்றிப் பெறுதல் கூடும் என்பதை முதலிற் கண்டுரைத்தவருள் தலையாயவர் பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர அவர்கள். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியை மின்வலுவாக்கும் கருத்தை அவர் 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சபையின்முன் வைத்தார். எனினும் லக்சபான நிலையத்தின் முதற்பகுதி 25 மெகாவாட் வலுவுடன் இயங்கத் தொடங்கியது 1950இலேதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு நற்கருத்து காத்துக்கிடந்தது.

அவ்வேளையில் நம் பகுதியிலும் அத்தகையதொரு முயற்சி நிகழ்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ், பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. அணையின் அடியில் அமைந்த சிறு மின்னிலையத்தின் வலு ஏறத்தாழ 11 மெகாவாட். சுழலியைச் சுழற்றிய நீரே பின்னர் வாய்க்கால்வழி இறங்கி நம் வயல்களில் நெல்லாயிற்று. அத்திட்டத்தின் குடியேற்றங்கள் விளைத்த அரசியற் கசப்பும், 1956இல் அங்கு சிந்திய குருதியும் தனிக் கட்டுரைக்குரியன. காற்றைப் பொறுத்தவரை இங்கினியாகலை எவர் மூச்சையும் கெடுத்ததில்லை எனலாம்.

மகாவலித் திட்டத்தின் 210 மெகாவாட் விக்டோரியா நிலையம் 1980களில் எழுந்தது. 1990களின் நடுப்பகுதிவரை நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரினாலேயே கிடைத்தது. ஆயின் மழை பொய்த்த 1996ஆம் ஆண்டு அந்நம்பிக்கையை உடைத்தது. நாடு நீண்ட மின்வெட்டுக்களால் வருந்தியது. எண்ணெய் எரிக்கும் நிலையங்கள் பெருகின. எண்ணெயின் விலைப்பளு தாங்காத நிலையில் நிலக்கரியின்மீது நாட்டம் சென்றது.

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அருகிலுள்ள தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஊறு நேருமென அஞ்சிய கத்தோலிக்க மக்களின் எதிர்ப்பினால் பணி பல்லாண்டு தாமதமுற்றது. ஈற்றிற் சீனக் கடனுதவியுடன் முதற்பகுதி 2011இலும் மூன்றாம் பகுதி 2014இலும் இயங்கலாயின. மொத்த வலு 900 மெகாவாட். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அந்நிலையம் ஈந்த ஆண்டுகளும் உண்டு. இஃது எளிதில் ஒதுக்கற்பாலதன்று.

நிலக்கரி எரியுங்கால் கந்தக ஈரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் நுண்டூளும் எழுகின்றன. தலைமயிரின் தடிப்பில் முப்பதிலொரு பங்கேயான தூள் நுரையீரலின் ஆழத்திற் சென்று தங்குவது. தூளைப் பிடிக்க நிலைமின் கருவிகளும் கந்தகத்தைக் கழுவக் கடல்நீரும் அங்கு உள்ளன. ஆயினும் திறந்த வெளியிற் குவிந்த கரியும் சாம்பலும் பருவக்காற்றில் எழுந்து தோட்டங்களிலும் கிணறுகளிலும் படிவதாக அயலவர் பலமுறை முறையிட்டுள்ளனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவும் அப்பகுதியிலேயே தஞ்சமடைந்தவை. கல்முனையில் நாம் விசிறியின்கீழ் உறங்கும் இரவில், முன்னரே வீடிழந்த ஒருவரின் முற்றத்தில் அதன் சாம்பல் விழுகின்றது.

இங்கிலாந்தின் வரலாறும் இதற்கு ஒப்பானதே. 1952 திசெம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனரென அந்நாளிற் கணித்தனர். பிற்கால ஆய்வாளர் 12,000 வரை கூறுவர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நகரின் காற்றுத் தெளிந்தது. ஆயின் மின்னிலையங்களுக்கு உயர்ந்த புகைபோக்கிகள் எழுப்பப்பட்டமையால் கந்தகம் கடல் கடந்து சென்றது. நோர்வே, சுவீடன் நாட்டு ஏரிகளில் அமில மழையாய் விழுந்தது. புகையை அகற்றுதல் வேறு. இடம் மாற்றுதல் வேறு.

நம் கிழக்கு மாகாணத்திலும் இச்சோதனை நேர்ந்தது. மூதூருக்கு அண்மையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இற் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்தம் நிலத்தில் இந்தியக் கூட்டுறவுடன் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்கள் மீண்டது 2015இலேதான். அடுத்த ஆண்டு, வழக்கொன்றின்போது, அந்நிலையம் சம்பூரில் அமைக்கப்படமாட்டாதென அரசு உயர்நீதிமன்றத்திற்கு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அவ்வூரில் 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்துக்குத் தொடக்கவிழா நிகழ்ந்தது.

சம்பூர் தப்பியது நன்று. ஆயின் வேண்டாமென்று கூறுவதோடு கடமை முடிவதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது கல்முனைக் கடைத்தெரு எவ்வாறிருந்தது? டீசல் கிடைத்த கடைதோறும் மின்பிறப்பாக்கி முழங்கியது. அதன் புகை வானளாவிய போக்கியினின்றன்று, வழிச்செல்வோரின் மூக்கின் மட்டத்திலேயே எழுந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் பட்டினங்களில் அது கலைந்துபோக வெளியும் இல்லை. வீடுகளில் குப்பிவிளக்கு மீண்டது. மின்சாரப் பஞ்சமும் ஒருவகைப் புகையே என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

சூரிய ஒளியோ பகலிற் பெருகி, நாட்டின் தேவை உச்சமடையும் முன்னிரவில் மறைவது. 2025 புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்தமையாற் கூரைச் சூரியக் கலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டியது. பகற்பொழுதின் மிகுதியை மின்கலத்திலோ மேலேற்றிய நீரிலோ சேமித்து இரவுக்கு ஈதலே இன்று நம்முன் நிற்கும் பணி. விமலசுரேந்திரவின் கருத்தைப் போல இதுவும் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருத்தலாகாது.

அதுவரை, அளந்தறிதலேனும் வேண்டும். நுண்டூளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றரில் 25 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாதென 2008இல் இலங்கை விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதனை 5 எனச் சுருக்கியது. இவ்விரு எண்களுக்கும் இடையே நாம் எங்கு நிற்கின்றோம் என்பதை ஒவ்வொரு பட்டினமும் அறிதல் வேண்டும். உமி எரிக்கும் நெல்லாலையும் கடைத்தெருவின் மின்பிறப்பாக்கியும் அவ்வளவையிற் சேர்தல் வேண்டும். பிறர் புகையைக் கண்டிப்பவன் தன் புகையை மறைத்தல் அறமன்று.

மின்னிலையத் திட்டமொன்றை வெளியிடும்போது அதன் மெகாவாட் அளவை எழுதுகின்றோம்; செலவை எழுதுகின்றோம். காற்று வீசும் திசையில் உள்ள ஊரின் பெயரையும் அதே பக்கத்தில் எழுதும் வழக்கம் நம்மிடையே தோன்றுமாயின், நம் மாணவர் எழுதப்போகும் மின்வலு வரலாறு நாம் எழுதியதினும் நேர்மையுடையதாகும்.