புதைக்கும் முன் ஒரு 'ஸ்கேன்': அணு எரிபொருளைச் சரிபார்க்கும் முறை

பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ தீவில், 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையைக் குடைந்து 'ஓன்கலோ' அணுக் கழிவுக் கிடங்கு அமைக்கப்பட்டுள்ளது. பயன்படுத்தப்பட்ட எரிபொருளைத் தாமிரக் கலனில் அடைத்துப் புதைத்த பின்னர், மீண்டும் எடுத்துச் சோதிப்பது நடைமுறையில் இயலாது. எனவே, புளூட்டோனியம் அடங்கிய எரிபொருள் கோல் ஒன்றுகூட உருவப்படவில்லை என்பதை முன்பே உறுதி செய்தாக வேண்டும்.

இதற்கு உதவுவது காமா உமிழ்வு டோமோகிராபி. சர்வதேச அணுசக்தி முகமை 2017-இல் இதனை ஆய்வுப் பணிக்கு அங்கீகரித்தது. மருத்துவமனை சி.டி. ஸ்கேனைப் போன்றதுதான், ஆனால், இங்கு கதிரை உமிழ்வது எரிபொருளே. நீருக்கடியில் உள்ள வளைய வடிவக் கருவியின் நடுவே எரிபொருள் கட்டு நிறுத்தப்படுகிறது. உணரிகள் அதைச் சுற்றிச் சுழன்று பதிவு செய்யும் காமா கதிர்களிலிருந்து, கட்டின் குறுக்குவெட்டுப் படத்தைக் கணினி உருவாக்குகிறது. கோல் இல்லாத இடம் படத்தில் வெறுமையாகத் தெரியும்.

கட்டின் மையத்தைக் காண்பதே கடினம். அங்கிருந்து வரும் சீசியம்-137 கதிர்களில் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள யுரேனியமே விழுங்கிவிடுகிறது. அதிக ஆற்றல் கொண்ட யூரோப்பியம்-154 கதிர் அவ்விடத்தில் கைகொடுக்கும். ஆனால், அதன் அரை ஆயுள் சுமார் 8.6 ஆண்டுகளே, பல பத்தாண்டுகள் குளத்தில் கிடந்த எரிபொருளில் அந்த உதவியும் குறைந்துவிடுகிறது.